யார் தின்ற இறைச்சி

எங்கள் சின்னம்மா விழுந்தது 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. லண்டனில், தன் வீட்டுக் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றவர், வலது கை தன்பாட்டுக்குத் துடிப்பதைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவிருப்பது எங்களுக்குத்தான். நிலத்தில் கிடந்து இழுத்த அவருடைய கைக்குள் மாமா திறப்புக் கோர்வையைத் திணித்தார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று இருபது வருடம் லண்டனில் இருந்த மனிதரும் நம்பினார். வலிப்பு தானாகவே நின்றது. மாமா இன்றுவரை திறப்பால்தான் நின்றது என்கிறார்.

வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்தார்கள். மூளையில் இரண்டு புள்ளிகள். ஒன்று சுண்ணாம்பு போல இறுகியிருந்தது, மற்றதைச் சுற்றி ஒரு வளையம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, மொழிபெயர்ப்பாளன் நான்தான். புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் பார்க்கும் முதல் சம்பளமில்லாத வேலை அது. வைத்தியர் மிகப் பணிவாகத்தான் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "சின்னம்மா, நீங்கள் பண்டி இறைச்சி சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஆரைப் பாத்து என்ன கேக்கிறார்? நான் முட்டை போட்ட கேக்கே தொடமாட்டன் எண்டு சொல்லு தம்பி அவருக்கு."

நான் வைத்தியரிடம் அவர் மரக்கறிக்காரர் என்று மட்டும் சொன்னேன். சின்னம்மாவின் முகத்தில் இருந்தது நோய்ப் பயமல்ல, அவமானம். அந்த அவமானத்தை மொழிபெயர்க்க எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, மனமும் வரவில்லை. ஒரு கேள்வியால் அவருடைய சைவம், குலம், வளர்ப்பு எல்லாம் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தன.

வைத்தியரின் கேள்வி பாதிதான் பொருத்தம் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பன்றி நாடாப்புழு ஒரே புழுதான். ஆனால் அது மனிதருக்கு இரண்டு வேறு நோய்களைத் தருகிறது. அரைவேக்காட்டுப் பன்றியிறைச்சியில் அரிசிமணி அளவில் புழுவின் குஞ்சுகள் பைபையாக இருக்கும். அரிஸ்டோட்டில் இவற்றைப் பார்த்து ஆலங்கட்டிக்கு ஒப்பிட்டிருக்கிறார். அந்த இறைச்சியைத் தின்றவருடைய குடலில் புழு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. 2 முதல் 7 மீட்டர் வரை நீளும். பெரும்பாலும் வயிற்றுவலிகூட இராது. வருடக்கணக்கில் தெரியாமலே அதைச் சுமந்து திரியலாம். புழுவின் உடலில் முதிர்ந்த துண்டுகள் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டுக்குள் 50,000 முட்டைகள் வரை இருக்கும். அந்த முட்டை யாருடைய வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் இரண்டாவது நோய். முட்டை பொரித்து, குஞ்சு இரத்தத்தோடு பயணம் செய்து, தசையில், கண்ணில், மூளையில் போய்ப் பை கட்டிக்கொள்கிறது. உலகில் இந்தப் புழு பரவியுள்ள இடங்களில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆக, தின்றவருக்குக் குடலில் புழு. தின்னாதவருக்கும் மூளையில் பை. இடையில் இருப்பது ஒரு கை, ஒரு கிணறு, கழுவாத ஒரு கட்டுக் கொத்தமல்லி. இந்தியாவில் மரக்கறி மட்டும் உண்பவர்கள் இந்த நோயோடு வருவது வைத்தியர்களுக்குப் பழகிப்போன காட்சி. திருச்சியில் இருந்த எங்கள் பெரியம்மா செய்தி கேட்டவுடன் தொலைபேசியில் சொன்னது, "கோவாவை நிப்பாட்டச் சொல்லு" என்பதுதான். அங்கே எல்லோரும் முட்டைக்கோசையும் காலிஃபிளவரையுமே குற்றஞ்சாட்டுவார்கள். கோவாவுக்குள் அந்தப் புழு வாழ்வதில்லை. கழிவுநீர் பாய்ந்த தோட்டத்தில் விளைந்தால் அதன் இலையில் முட்டை ஒட்டியிருக்கலாம், அவ்வளவே. ஆனால் கோவாவைக் குற்றஞ்சாட்டுவதில் ஒரு வசதி உண்டு. அது எவருடைய மலம் என்ற கேள்வி எழாது.

இன்னொரு பழிச்சொல்லையும் திருத்த வேண்டும். பன்றி அசுத்தமானது, அதனிடமிருந்து எங்களுக்கு வந்தது என்கிறோம். வளர்ந்த நாடாப்புழு மனிதருடைய குடலில் மட்டுமே வாழும். பன்றிக்கு முட்டை கிடைப்பது மனித மலத்தைத் தின்றதால். கழிப்பறை இல்லாத மனிதர் தன் நோயைப் பன்றிக்குக் கொடுத்து, பிறகு அதே பன்றியிடமிருந்து சரியாக வேகாத துண்டாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இறைச்சியைத் துண்டாகச் சமைத்தால் உள்ளே 63 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும், அரைத்த இறைச்சியானால் 71 பாகை வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுரை சொல்கிறது. எங்கள் ஆட்கள் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைக்கும் பன்றிக்கறியில் எந்தப் புழுவும் தப்பாது. அந்தக் கறிச்சட்டிக்கு மூக்கைப் பொத்தியவர்கள்தான், கழுவாத கையால் அரைத்த பச்சைச் சட்னியை நக்கித் தின்றார்கள்.

சின்னம்மாவுக்கு அது லண்டனில் வந்ததல்ல. 1986இல் கடல் கடந்து இராமேஸ்வரம் போனவர் திருச்சியில் ஏழு வருடம் வாடகை வீட்டில் இருந்தார். 1994இல் இங்கே வந்தார். ஐந்து வருடம் கழித்து விழுந்தார். இந்தத் தாமதமும் லண்டனுக்குத் தெரிந்த பழைய கதைதான். 1930களில், இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்களுக்குப் புதிதாக வலிப்பு வந்தபோது, மக்கார்தர் என்ற இராணுவ வைத்தியர் அவர்கள் உடலில் இந்தப் பைகளைக் கண்டார். சிலருக்கு நாடு திரும்பிப் பல வருடங்கள் கடந்திருந்தன. புழு உயிரோடு இருக்கும்வரை உடலின் காவலை ஏமாற்றி அமைதியாக இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது; அந்தக் கலவரத்தில்தான் பெரும்பாலும் வலிப்பு வருகிறது. சின்னம்மாவுக்குப் புழுவைக் கொல்ல ஒரு மாத்திரையும், அது சாகும்போது மூளை வீங்காமலிருக்க ஸ்டீரொயிட்டும் கொடுத்தார்கள். நோய் நல்லபடியாக அடங்கியது. கேள்வி அடங்கவில்லை.

சின்னம்மா வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை உறவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். வைத்தியர் சொன்னதை நான் விளக்கினேன்: இது இன்னொருவருடைய குடலிலிருந்து வந்த முட்டை. ஒரு கணம் வீடு அமைதியானது. பிறகு மாமா சொன்னார்: "அப்ப அவள்தான். திருச்சியில வேலைக்கு வந்தவள்." எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. அவள் என்ன சாப்பிடுகிறவள், எந்தச் சேரியிலிருந்து வந்தவள், நகம் எப்படி இருந்தது என்று ஆளாளுக்கு நினைவு வந்தது. திருச்சிக்கே போகாதவர்களுக்கும் நினைவு வந்தது. சின்னம்மாமீது ஒரு நாள் ஒட்டியிருந்த அந்த அவமானம், கைமாறி, அங்கே இல்லாத ஒரு பெண்ணின்மேல் போய் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சொல்லப்போனால், எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

சின்னம்மா மட்டும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். (அதை இங்கே எழுதவில்லை.) பிறகு சொன்னார்: "நான்தான் அவளுக்குச் சம்பல் இடிக்கப் பழக்கினனான். காலமை ஆறு மணிக்கு வந்தால் ரெண்டு மணி மட்டும் நிப்பாள். வீட்டுக்கார அம்மா கண்டிப்பாச் சொல்லிப்போட்டா, வேலைக்கு வாறவை கக்கூசைத் தொடக்கூடாது எண்டு. நானும் சரியெண்டு விட்டிட்டன். ஒருநாளும் கேக்கேல்லை, பிள்ளை, நீ எங்கை போறனி எண்டு."

எங்கே போனார் என்பது தெரிந்ததுதான். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையோரம் வெறும் காணி. அங்கே பன்றிகள் மேயும். திரும்பி வந்து கை கழுவ, தொட்டியில் சவர்க்காரம் இருந்ததா என்று சின்னம்மாவுக்கு நினைவில்லை. இருந்திருந்தால் அது வீட்டுக்காரருடைய சவர்க்காரம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் சிலருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்துத் தங்கள் செம்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சின்னம்மாவின் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தனிக் கோப்பை இருந்ததாம். கோப்பையைப் பிரித்து வைத்துவிட்டு, எங்கள் எல்லாக் கோப்பைகளையும் கழுவுவதற்கு அவருடைய கையையே வைத்திருந்தோம்.

உண்மையில் அந்தப் பெண்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சாப்பாட்டுக் கடையாக இருக்கலாம், தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம், சின்னம்மா வீட்டு மனிதர் யாராவதாகக்கூட இருக்கலாம். வெளியில் இரகசியமாக இறைச்சி தின்கிற ஆண்கள் எங்கள் குடும்பத்தில் குறைவில்லை. அந்தப் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் அவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். தப்பிக்க இடம் விட்டால் கேள்வி மழுங்கிவிடும். அவர் குடலில் புழு இருந்தது, அவர் கையால் முட்டை வந்தது, சின்னம்மாவின் மூளையில் தங்கியது. அப்படியென்றால் அவர் எங்களுக்கு என்ன செய்தார்?

காரணமாக இருப்பதும் குற்றம் செய்வதும் ஒன்றல்ல என்று சட்டம் படித்த எவரும் சொல்வார்கள். அதைச் சொல்வது எளிது. மனம் அப்படி வேலை செய்வதில்லை. அதற்குக் காரணம் கிடைத்தால் போதும், குற்றத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்குத் தன் உடலுக்குள் ஒன்று இருப்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: குடலில் புழு உள்ளவருக்குத்தான் தன் கையாலேயே முட்டையை விழுங்கும் ஆபத்து எல்லோரையும்விட அதிகம். அவருக்கு அடுத்தபடி அவர் வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு. எங்களுக்கு ஒரு வலிப்பு வந்ததென்றால், அந்த வீட்டில் எத்தனை வந்திருக்கும்? அங்கே ஸ்கான் இல்லை. பேய் பிடித்தது என்று யாராவது வேப்பிலை அடித்திருப்பார்கள். நாங்கள் குற்றவாளியாகத் தேடிய ஆள், வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கும் நோயாளி.

தெரியாமல் கொடுத்தவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், தெரிந்தே கொடுத்த ஒருவர் எனக்கு நினைவில் வருகிறார். ஜெர்மனியின் சாக்ஸனியில், சிற்றாவு நகரத்து வைத்தியர் ஃபிரீட்ரிக் குக்கென்மைஸ்டர். பன்றித்தசையில் உள்ள பைகளும் மனிதக் குடலின் நாடாப்புழுவும் ஒன்றுதான் என்று அவர் நம்பினார். பைக்குள் இருப்பவை வழிதவறிக் கெட்டுப்போன புழுக்கள் என்று வாதிட்ட பெரிய அறிஞர்கள் எதிரில் இருந்தார்கள். 1855இல், மரணதண்டனைக்குச் சில நாள்களே இருந்த ஒரு கைதியின் சாப்பாட்டில், அவனுக்குச் சொல்லாமல், அந்தப் பைகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைத் திறந்து பார்த்தார். இளம் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில வருடங்கள் கழித்து இன்னொரு கைதிக்கு மாதக்கணக்கு முன்னதாகவே கொடுத்து, நன்கு வளர்ந்த புழுக்களை எடுத்தார். அக்காலத்திலேயே இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஒட்டுண்ணிப் பாடநூல்களில் அவருக்கு ஒரு பத்தி உண்டு. கைதிகளுக்கு இல்லை.

"எப்படியும் சாகப்போகிறவன்தானே" என்பது அவருக்குச் சாதகமாகச் சொல்லப்படும் வாதம். அது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. சாகப்போகிறவனுடைய கடைசிச் சாப்பாடுகளில் ஒன்று அது. ஆயினும் இறைச்சியை நன்றாக வேகவை என்று இன்று எவராவது உறுதியோடு சொல்லும்போது, அந்த உறுதிக்குள் அந்த இரண்டு மனிதரும் இருக்கிறார்கள். நானும் அந்த அறிவை அனுபவிக்கிறவன்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியாது. நான் கேட்பது இவ்வளவுதான்: அறிந்தே ஒருவனுக்குப் புழுவைக் கொடுத்தவரை விஞ்ஞானி என்றும், அறியாமல் கொடுத்திருக்கக்கூடிய பெண்ணை ஊத்தை என்றும் எங்கள் வாய் எப்படித் தயங்காமல் சொல்கிறது? ஒருவருக்குப் பட்டமும் மற்றவருக்குத் தும்புத்தடியும் இருந்தது தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

சின்னம்மாவின் கதைக்குச் சில வருடங்கள் முன்னால், 1990-91இல், நியூயோர்க்கில் இதே கதை நடந்திருந்தது. பன்றியை எந்த வடிவிலும் தொடாத வைதீக யூதச் சமூகத்தில் நான்கு பேருக்கு வலிப்பு. மூளையில் பன்றி நாடாப்புழுவின் பைகள். ஆய்வு செய்தவர்கள் அந்த வீடுகளில் வேலை செய்த, லத்தீன் அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த பெண்களைப் பரிசோதித்தார்கள். ஒருவருக்குக் குடலில் புழு இருந்தது. 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை, புழு பரவியுள்ள நாடுகளிலிருந்து வருபவர்களை வீட்டு வேலைக்கோ உணவு கையாளும் வேலைக்கோ சேர்ப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதைப் படித்தபோது நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன். ஹீத்ரோவில் இறங்கிய அன்று நெஞ்சுப் படம் எடுக்க வரிசையில் நின்றவர்கள் நாங்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்பதற்காக உடலைச் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வலிப்பில் இழுக்கும் தன் பிள்ளையைக் கையில் பிடித்திருக்கும் ஒரு தாயிடம் போய், பரிசோதனை கேட்பது இனவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தாய் கேட்பது நியாயம். பரிசோதனையைவிட, முடிவு வந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதில்தான் என் கேள்வி. குடற்புழுவுக்கு மருந்து பெரும்பாலும் ஒரே ஒரு தடவை விழுங்கும் மாத்திரை. அதை வாங்கிக் கொடுத்து, அவருடைய மூளையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அடுத்த கிழமை வேலைக்கு வா என்று சொன்னால் அது வைத்தியம். காசை எண்ணிக் கொடுத்து இனி வரவேண்டாம் என்றால், அந்தப் புழு அடுத்த வீட்டுக் குசினிக்குப் போகிறது. எங்கள் மாமாவின் கூட்டத்தில் இரண்டாவதைத்தவிர வேறெதுவும் எவருக்கும் தோன்றியிருக்காது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. மூன்று வருடம் கழித்துச் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது, தாய்க்கு வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் சொல்லவில்லை. பரம்பரையாக வருவதல்ல, தொற்றுவதும் அல்ல. இருந்தும் மறைத்தோம், ஏனென்றால் காக்காய் வலிப்பு என்ற சொல் போதும் ஒரு சம்பந்தம் முறிய. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே திருமணத்துக்குத் தடையாகும் நோய்களில் ஒன்றாக வலிப்பு இருந்தது. அந்தச் சொல்லை நீக்கியது 1999இல், சின்னம்மா விழுந்த அதே வருடம். தன் நோயை அறியாத ஒருத்தி சொல்லவில்லை என்று கோபப்பட்ட வீடு, தான் அறிந்த நோயை ஒளித்துவைத்தது.

வட பெருவில், தும்பெஸ் பகுதியில், நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்தப் புழுவின் பரவலை ஏறக்குறைய முழுமையாக நிறுத்திக் காட்டினார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. மனிதருக்கும் பன்றிக்கும் ஊரோடு மருந்து, பன்றிக்குத் தடுப்பூசியும். கடைசிக் கட்டத்தில் யாருக்குப் புழு இருக்கிறது என்று வீடு வீடாக ஆளைப் பிடிக்கவில்லை. எல்லோரும் விழுங்கினார்கள். இதைச் சொன்னபோது மாமா, "அது பெரு" என்றார்.

இப்போது என் வீட்டுக்கும் ஒரு பெண் வருகிறார். வெள்ளிக்கிழமைகளில், நான்கு மணித்தியாலம், துப்புரவு வேலைக்கு. தூரத்து நாடொன்றிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. முதல் நாள் அவர் எங்கள் மகளுக்கு அப்பிள் நறுக்கிக் கொடுத்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். இத்தனையும் யோசித்து எழுதுகிற நான், அவருடைய நகத்தைத்தான் பார்த்தேன். எந்த ஊர், அங்கே பன்றி வளர்ப்பார்களா என்று கேட்கும் வசனம் ஆங்கிலத்தில் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கியது பண்பா, கோழைத்தனமா என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அடுத்து என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு அவருக்கும் எனக்கும் இடையில் பழக்கம் இல்லை. நான்கு மணித்தியாலத்துக்குக் கணக்குத் தீர்க்கும் பழக்கம்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சின்னம்மா வந்திருந்தார். எழுபது வயது. இன்னும் இரவில் ஒரு மாத்திரை போடுகிறார், இன்னும் முட்டை தொடுவதில்லை. அந்தப் பெண் மாடியில் வேலை செய்யும் சத்தம் கேட்டது. சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கக்கூஸ் எதெண்டு காட்டிவிட்டனியோ?"

மூன்று கிழமையாக வருகிறார். நான் காட்டவில்லை.